வீட்டில் கைவேலை தொடங்கலாமா? புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோடை விடுமுறை விட்டதும், வீட்டில் யாராவது ரிட்டயர் ஆனதும், அல்லது பிள்ளைகள் வெளியூர் போய் வீடு வெறிச்சென்று ஆனதும் இந்தக் கேள்விகள் வரும். கையால் ஏதாவது செய்ய வேண்டும், செலவு அதிகம் ஆகக் கூடாது, வீட்டில் குப்பையும் சேரக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து நடக்க ஒரு வழி உண்டு: வீட்டில் ஏற்கெனவே கிடப்பதை எடுத்து, தினமும் கை படுகிற ஒரு பொருளாகச் செய்வது. அந்த வழியில் எனக்கு முழு நம்பிக்கை. கீழே உள்ள பதில்களெல்லாம் அதையொட்டித்தான்.

கைவேலை எதுவுமே தெரியாது. எதில் தொடங்குவது?

துணியில் தொடங்குங்கள். துணி தப்பாக வெட்டினாலும் வேறொன்றுக்கு ஆகும், கறை படியாது, பாதியில் சுருட்டி வைத்துவிட்டு அடுத்த வாரம் எடுக்கலாம். ஊசி, கெட்டி நூல், நல்ல கத்தரிக்கோல் இருந்தால் போதும். கத்தரிக்கோல் மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்கிவிடுங்கள். அதைக் காகிதம் வெட்ட யாருக்கும் தராதீர்கள்.

ஆன்லைனில் கைவேலை கிட் விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை, ஒரு முறை செய்ததும் தீர்ந்துபோகிற பொருள். முடிந்ததும் அடுத்த பெட்டி வாங்கத் தோன்றும். பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தது கடைக்குப் போகிற பழக்கமாக மாறிவிடும். அந்தப் பணத்தில் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றினால் ஊசி, நூல், பொத்தான், மிச்சத் துணி என்று பல மாதத்துக்கு வேண்டியதை வாங்கிவிடலாம்.

அம்மாவின் பழைய நூல் புடவைகள் நிறைய இருக்கின்றன. தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

மிதியடி பின்னுங்கள். பழைய நூல் புடவைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கிழிசல் இருந்தாலும் பரவாயில்லை.

முதலில் ஜரிகைக் கரையைத் தனியாக வெட்டி எடுத்துவிடுங்கள். அது காலில் குத்தும். மீதித் துணியின் அகலத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு இடமாகக் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு. அப்புறம் அந்த வெட்டைப் பிடித்து நீளவாக்கில் கிழித்துக்கொண்டே போகலாம். நூல் துணி இழை பிடித்து நேராகக் கிழியும், வெட்டினால் அந்த நேர் வராது. ஐந்தரை மீட்டர் புடவையில் இப்படி இருபது பட்டைகளாவது கிடைக்கும்.

மூன்று பட்டைகளின் முனையைச் சேர்த்துத் தைத்து, ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, தலை பின்னுவதுபோலப் பின்னுங்கள். ஒரு பட்டை தீரும்போது அடுத்ததை அதன் முனையோடு தைத்துவிட வேண்டும். முடிச்சு போட்டால் காலுக்கடியில் உருண்டையாக நிற்கும். மூன்று பட்டையும் ஒரே இடத்தில் தீராதபடி முன்பின்னாக இருந்தால் பின்னல் சீராக வரும்.

நீளமான பின்னல் கிடைத்ததும் தரையில் வைத்துச் சுருட்டுங்கள். சுருட்டச் சுருட்ட, பக்கத்துப் பின்னலோடு சேர்த்து அடிப்பக்கமாகத் தைத்துக்கொண்டே வாருங்கள். இங்கேதான் பலருக்கும் தடுமாற்றம் வரும். நூலை இறுக்கி இழுத்தால் ஓரம் தூக்கிக்கொண்டு மிதியடி கிண்ணம் மாதிரி ஆகிவிடும். மடியில் வைத்துத் தைக்காமல் தரையிலேயே கிடத்தித் தைத்தால் அந்தத் தொல்லை வராது. ஒரு புடவையில் இரண்டடி விட்டத்தில் ஒரு மிதியடி தாராளமாக வரும். தண்ணீரை நன்றாக உறிஞ்சும், துவைக்கலாம், வருடக்கணக்கில் உழைக்கும்.

பாலியஸ்டர் புடவையை இதற்கு எடுக்காதீர்கள். நேராகக் கிழியாது, ஈரத்தையும் உறிஞ்சாது, டைல்ஸ் தரையில் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. நூல் மிதியடியைக்கூட நனைந்த தரையில் போடாதீர்கள்.

மஞ்சப்பை தைக்க மெஷின் வேண்டுமா?

வேண்டாம். கையாலேயே தைக்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும், புதுச்சேரியில் அதே வருடமும் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அதன்பிறகும் மார்க்கெட்டில் கேரிபேக் கைமாறுவதைப் பார்க்கும்போது, வண்டிப் பெட்டிக்குள் எப்போதும் ஒரு துணிப்பை கிடப்பதுதான் தீர்வு என்று தோன்றுகிறது.

பழைய கைலி இதற்கு அருமையான துணி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெய்த கைத்தறிக் கைலியாக இருந்தால் நைந்துபோனபிறகும் ஓரப்பகுதி கெட்டியாகவே இருக்கும். அந்தக் கெட்டியான பகுதியில் 16 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்கு இரண்டு துண்டு எடுங்கள். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து ஓரமாகத் தையுங்கள். அப்புறம் உள்பக்கமாகத் திருப்பி, தைத்த ஓரம் உள்ளே மறையும்படி இன்னொரு தையல். பிசிர் வராது, இரண்டு கிலோ வெங்காயத்துக்குத் தாங்கும். கைப்பிடி பொருத்தும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியுமாகத் தைத்தால் பிய்ந்துபோகாது.

பழைய செய்தித்தாளில் பேப்பர் கூடை செய்யலாம் என்கிறார்களே, எப்படி?

நம் கிராமத்து வீடுகளில் பாட்டிகள் செய்து வைத்திருந்த அதே கூடைதான். முறுக்குச் சுட்டு வைக்க, பயறு கொட்டி வைக்க என்று பயன்பட்டது. பசை எதுவும் வாங்க வேண்டாம், வெந்தயம் போதும்.

தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழித்து இரண்டு நாள் ஊற வையுங்கள். தண்ணீரை நடுவில் ஒருமுறை மாற்றிவிடலாம். ஒரு கிலோ தாளுக்கு 100 கிராம் வெந்தயம் என்று எடுத்துத் தனியாக ஊறப் போடுங்கள். தாளைப் பிழிந்து, வெந்தயத்தோடு சேர்த்து கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். வெந்தயம் அரைபட அரைபடக் கொழகொழப்பு இறங்கி கூழைப் பிடித்துக்கொள்ளும். அதன் கசப்பு பூச்சியையும் தள்ளி வைக்கும். விரலால் உருட்டினால் இழை தெரியாமல் உருண்டையாக நிற்பதுதான் பதம்.

ஒரு குடத்தையோ பாத்திரத்தையோ கவிழ்த்து, ஈரத் துணியைச் சுற்றி, அதன்மேல் கூழைக் கால் அங்குல கனத்துக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். உள்ளங்கையை நனைத்துக்கொண்டு தட்டினால் மேல்பரப்பு வழவழப்பாக வரும். ஓரம் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். முதல் நாள் நிழலில், அப்புறம் வெயிலில். எடுத்ததுமே சுள்ளென்ற வெயிலில் வைத்தால் வெடிக்கும். பாதி காய்ந்ததும் துணியோடு சேர்த்துக் கழற்றி உள்பக்கத்தையும் காய வைத்துவிடுங்கள். காய்ந்தபிறகு விரலால் சுண்டினால் மரத்தைத் தட்டுவது போல 'டொக்'கென்று சத்தம் வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அச்சு மை இருப்பதால் தின்பண்டத்தை நேராக வைக்காதீர்கள், உள்ளே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் படக் கூடாது.

இந்தக் காகிதக்கூழ் வேலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரிப் பகுதியில் உள்ள திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. செய்கிறவர்களின் கை வேலையைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாலே கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

வயர் கூடை பின்ன ஆசை. ஆனால் அது பிளாஸ்டிக்தானே?

ஆமாம், பிளாஸ்டிக்தான். ஆனால் ஒரு நல்ல வயர் கூடை பத்து வருடம் மார்க்கெட் போய் வரும். அந்தப் பத்து வருடத்தில் எத்தனை கேரிபேக்கை அது தடுக்கிறது என்று யோசித்தால் எனக்கு அதில் சங்கடம் இல்லை. அழகுக்காக ஷோகேஸில் வைக்கவென்று பின்னுவதுதான் வீண். சாப்பாட்டுக் கூடைக்கு இரண்டு ரோல், மார்க்கெட் கூடைக்கு நான்கு ரோல் என்று வாங்கிக்கொண்டு சாதா முடிச்சில் பழகுங்கள். நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண் முடிச்சும் பிறகு தானாக வரும். இதை வீடியோவில் கற்பதைவிடத் தெருவில் கூடை பின்னுகிற ஒரு அத்தையிடம் கற்பது எளிது. முடிச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கையைப் பிடித்துக் காட்டுவார்கள்.

களிமண் பொம்மை செய்து வீட்டிலேயே சுட முடியுமா?

முடியாது. சுடுமண் ஆவதற்கு 700, 800 டிகிரி சூடு வேண்டும், சமையலறை ஓவன் அதில் பாதியைக்கூட எட்டாது. அதனால் சுடாத மண்ணுக்கு எது பொருந்துமோ அதைச் செய்யுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு உங்கள் பிள்ளையாரை நீங்களே பிடிக்கலாம். சாயம் பூசாமல், உள்ளே நாலு கீரை விதை வைத்துப் பிடித்தால், வாளித் தண்ணீரில் கரைத்து அப்படியே தொட்டியில் ஊற்றிவிடலாம்.

சுட்ட மண் வேலைக்கு வில்லியனூர் இருக்கிறது. அந்தச் சுடுமண் கலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. கடலூர்ப் பக்கம் என்றால் கொலு பொம்மைக்கு வண்டிப்பாளையமும் பண்ருட்டியும், பீங்கானுக்கு விருத்தாசலமும். நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பு வண்டிப்பாளையம் போனால், வண்ணம் தீட்டாத பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். வண்ணம் தீட்டாமலே ஒன்றிரண்டு தரச் சொல்லி வாங்கி வந்து வீட்டில் தீட்டுவது ஒரு நல்ல பொழுதுபோக்கு. விலையைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அந்த வேலைக்கு ஆகும் நேரம் பார்த்தால்தான் தெரியும்.

வெங்காயத் தோலில் துணிக்குச் சாயம் ஏறுமா?

ஏறும். பொன்மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை வரும். ஆனால் துணியைத் தயார் செய்யாமல் தோய்த்தால் இரண்டு துவையலில் போய்விடும்.

100 கிராம் நூல் துணி என்று வைத்துக்கொள்வோம். புதுத்துணியானால் கஞ்சி போகக் கொதிக்க வைத்து அலசுங்கள். 20 கிராம் கடுக்காய்ப் பொடி கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறப் போட்டு, பிழிந்து, அலசாமல் காய வையுங்கள். மறுநாள் 15 கிராம் படிகாரம் கரைத்த சுடுநீரில் ஒரு மணி நேரம். கடுக்காயின் துவர்ப்பு இழையைப் பிடித்துக்கொள்ள, அதைப் படிகாரம் பிடித்துக்கொள்ள, படிகாரத்தைச் சாயம் பிடித்துக்கொள்ளும். 50 கிராமுக்குக் குறையாமல் வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் துணியைப் போட்டு மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். எவர்சில்வர் பாத்திரம் நல்லது, இரும்பு பட்டால் நிறம் கறுக்கும். நிழலில் உலர்த்துங்கள். 50 கிராம் சருகு என்பது பெரிய பை நிறைய. வெங்காய மண்டியில் கேட்டால் சும்மாவே அள்ளித் தருவார்கள்.

மஞ்சள் தூளில் தோய்த்துப் பார்க்காதவர்கள் இல்லை. பளிச்சென்று வரும், வெயில் பட்டதும் வெளுத்துவிடும்.

இந்தக் கரைக்குச் சாயம் புதிதல்ல. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து அவுரி தோய்த்த நீலத் துணி 'கினே' என்ற பெயரில் பிரெஞ்சு வியாபாரிகள் வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிருக்கிறது. அங்கே மரப்பிசினுக்கு மாற்றாக அதைக் கொடுத்தார்கள். நம் ஊர்த் துணி அங்கே பணமாகவே நடந்தது என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

காய்கறிக் கழிவை உரமாக்கலாமா, பயோ என்சைம் போடலாமா?

பயோ என்சைம் என்பது பழத்தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்க வைத்து எடுக்கிற, வீடு துடைக்கும் திரவம். எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல் என்சைமுக்கு. மற்றதெல்லாம் உரத்துக்கு.

என்சைமுக்கு ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்து பங்கு தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பாகம் காலியாக விட்டு மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். தரை துடைக்க, சிங்க் கழுவ நன்றாக இருக்கும். புளிப்புத் தன்மை இருப்பதால் மார்பிள் தரைக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

உரத்துக்குத் துளையிட்ட வாளியோ மண்தொட்டியோ போதும். ஒரு கை காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று கை காய்ந்த சருகு. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். பலாப்பழ சீசனில் பண்ருட்டிப் பழம் வாங்காத வீடு நம் பக்கம் குறைவு. அந்தச் சக்கையையும் தோலையும் முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், பொடியாக நறுக்கிப் போடுங்கள்.

கடற்கரைப் பக்கம் வாடகை வீடு. போர் தண்ணீர் உப்பு. பால்கனியில் என்ன வரும்?

பிரண்டை, கற்றாழை, கற்பூரவல்லி. இவை உப்புக் காற்றையும் கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். கீரை வேண்டுமென்றால் அரிசி கழுவிய தண்ணீரும் மழைநீரும் ஊற்றி வெந்தயக் கீரை போடுங்கள், மூன்று வாரத்தில் அறுக்கலாம். தேங்காய் நார்க்கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் தொட்டியில் போடாதீர்கள், அதிலேயே உப்பு இருக்கும். வீட்டுக்காரர் தண்ணீர் ஒழுகும் என்று தயங்கினால், தொட்டிகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து அடியில் தட்டு வையுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும், அன்றன்றே கொட்டிவிடுங்கள்.

பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கிளிஞ்சல் பொறுக்கிப் பொம்மை செய்யலாமா?

கரை ஒதுங்கிய சாதாரணக் காலிக் கிளிஞ்சல் நாலைந்து எடுப்பதில் தப்பில்லை. உயிருள்ளதையும் பவளத்தையும் தொட வேண்டாம். சில சங்கு, சோழி வகைகளும் பவளப்பாறைகளும் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. கடையில் விற்கிற பெரிய சங்குகளை வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது பனை ஓலை. காற்றாடி, கிலுகிலுப்பை, கிளி, பாம்பு என்று எத்தனையோ செய்யலாம். குருத்தோலைதான் வளையும், முற்றியது ஒடியும். கருக்கில் முள் இருக்கும், மட்டையிலிருந்து ஓலையைப் பெரியவர்களே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். காய்ந்துபோன ஓலையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடி வளையும்.

ரிட்டயர் ஆன அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. தையல், கூடை எல்லாம் வேண்டாம் என்கிறார்.

நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் தெருவில் உள்ள பிள்ளைகளிடம் எழுதாத பக்கங்கள் மிஞ்சிய நோட்டுகளைக் கேட்டால் குவிந்துவிடும். வெற்றுத்தாள்களை எட்டெட்டாக மடித்து, மடிப்பில் ஊசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்து, மைதாப் பசையில் அட்டை ஒட்டுவது. அளவெடுத்துப் பொறுமையாகச் செய்கிற வேலை, ஆபீஸில் ஃபைல் பார்த்துப் பழகியவர்களுக்குப் பிடித்துப்போகும். பழைய பைண்டர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்த்துவிடுங்கள்.

மேலட்டைக்கு நல்ல தாள் வேண்டுமென்றால் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் இயங்குகிறது. மரத்தை வெட்டாமல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறார்கள்.

வீட்டில் சோப்பு செய்யலாமா?

சின்னப் பிள்ளைகள் இருந்தால் இப்போது வேண்டாம். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். செய்தே தீருவேன் என்றால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாத்திரம் கழுவத்தான் வேண்டுமென்றால் பூந்திக்கொட்டை ஊறவைத்துக் கொதிக்கவைத்த தண்ணீரே போதும்.

செய்ததை விற்கலாமா?

முதல் வருடம் விற்காதீர்கள், கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் மீனவப் பெண்கள் மிச்சத் துணியில் 'சுனாமிகா' என்ற குட்டிப் பொம்மை செய்தார்கள். அது விலைக்கு விற்கப்படவில்லை, அன்பளிப்பாகவே உலகமெல்லாம் போனது. விற்பனை என்று வந்துவிட்டால் ஒரே பொருளை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், கற்றுக்கொள்வது அங்கேயே நின்றுவிடும். கை நன்றாகப் பழகியபிறகு விற்றால், பையும் மிதியடியும் தொல்லையில்லாதவை. சோப்புக்கு உரிமமும், ஊறுகாய், வடாம் போன்றவற்றுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் தேவை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாதே?

காயாது. அதனால் பேப்பர் கூடை, சாயம், களிமண் எல்லாவற்றையும் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். மழையில் துணியும் வயரும் பைண்டிங்கும். உர வாளியை மூடி நனையாத இடத்துக்கு மாற்றுங்கள். நடுவில் ஒரு சின்ன வேலை: வெயில் இருக்கும்போதே புரட்டாசியில் சருகைக் கூட்டி ஒரு சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் உரத்துக்குக் காய்ந்த சருகு எங்கே தேடினாலும் கிடைக்காது.